பன்பள்ளத்தில் ஒரு சீதன வீடு

1

சில மாதங்களுக்கு முன்பு பக்கத்து வீட்டு மிஸிஸ் ஹாரிஸ் எங்கள் கதவைத் தட்டினார். பத்து வருடத்தில் அவர் தட்டியது இது மூன்றாவது தடவை. முதல் தடவை, எங்கள் குசினியிலிருந்து வருவது சமையல் மணம்தானா அல்லது எங்காவது ஏதாவது செத்துக் கிடக்கிறதா என்று மிக மரியாதையாக விசாரித்தார். அன்று நாங்கள் கருவாடு பொரித்திருந்தோம். இரண்டாவது தடவை தன்னுடைய பூனையைக் காணவில்லை என்று வந்தார். முதல் விசாரணையின் தொடர்ச்சிதான் அது என்று என் மனைவி இன்றுவரை நம்புகிறாள். இந்தத் தடவை கையில் ஒரு கட்டுக் கடதாசி வைத்திருந்தார்.

எங்கள் வீட்டு வரிசைக்குப் பின்னால் ஒரு புல்வெளியும் அதன் நடுவில் ஒரு குட்டையும் இருக்கின்றன. குட்டை என்றால், நம் ஊர் எருமை ஒன்று இறங்கிக் குளித்தால் அடுத்தது கரையில் நின்று முறை பார்க்க வேண்டிய அளவு. அந்த இடத்தில் நாற்பது வீடுகள் கட்டப்போகிறார்களாம். குட்டையை மூடிவிடுவார்களாம். அதற்குள் ஒரு பிராணி குடியிருக்கிறது. பல்லிக்கும் தவளைக்கும் கலப்புத் திருமணம் நடந்தால் பிறக்கக்கூடிய உருப்படி, முதுகில் சேவலுக்கு இருப்பதுபோல ஒரு கொண்டை. இதற்குத் தமிழில் என்ன பெயர் என்று எனக்குத் தெரியாது. இதன் குடியிருப்பு உரிமையைக் காப்பாற்ற நகரசபைக்கு ஒரு மகஜர் போகிறது. அதில் நான் கையெழுத்து வைக்க வேண்டும்.

"நீங்கள் நிலப்படம் வரைகிறவர். உங்கள் கையெழுத்துக்கு ஒரு மதிப்பு இருக்கிறது" என்றார் மிஸிஸ் ஹாரிஸ்.

என் கையெழுத்தின் மதிப்பு அவரைவிட எனக்கு நன்றாகத் தெரியும். மட்டக்களப்பில் ஒரு பள்ளத்துக்கும் தெரியும். யோசித்துத் தருகிறேன் என்று கடதாசியை வாங்கி மேசையில் வைத்தேன். ஒரு குட்டைக்காக என்ன யோசனை என்று அவர் முகம் கேட்டது. வெள்ளைக்காரர் ஆனபடியால் வாய் கேட்கவில்லை.

என் மகள் சாந்திக்குப் பதினாறு வயது. மூன்று வயதில் கப்பலில் சீமைக்கு வந்தவள். தமிழில் அவளிடம் மிச்சம் இருப்பவை "சோறு", "வேணாம்", "அம்மா ஏசுவா" ஆகிய மூன்றும்தான். இந்த மூன்றை வைத்துக்கொண்டே எங்கள் வீட்டில் குறைவில்லாமல் குடும்பம் நடத்துகிறாள். மற்றதெல்லாம் ஆங்கிலம். குட்டையைக் காப்பாற்றும் போரில் இவள்தான் எங்கள் தெருவுக்குத் தளபதி. வீடு முழுவதும் அந்தக் கொண்டைப் பிராணியின் படங்கள். அன்று சாப்பாட்டு மேசையில் கேட்டாள்: "அப்பா, உங்கள் ஊரில் இப்படி நடந்தால் நீங்கள் என்ன செய்திருப்பீர்கள்?"

இன்னும் கொஞ்சம் பருப்புப் போடட்டுமா என்று கேட்டேன்.

2

இதை வாசிக்கும் யாழ்ப்பாணத்தாருக்கும் கொழும்பில் இருக்கிறவர்களுக்கும் ஒரு விளக்கம். எங்கள் பகுதியில் கலியாணம் முடிந்ததும் பெண் பெட்டியைத் தூக்கிக்கொண்டு மாமியார் வீட்டுக்குப் போவதில்லை. மாப்பிள்ளைதான் தன் பெட்டியோடு பெண் வீட்டுக்கு வருவார். வீடு பெண்ணுடையது. தாயிடமிருந்து மகளுக்குப் போகும், அவளிடமிருந்து அவள் மகளுக்கு. பெண் அழகா, படித்தவளா என்பதெல்லாம் அப்புறம். முதலில் வீடு இருக்கிறதா, கிணறு எப்படி? மாப்பிள்ளை வீட்டார் பெண்ணைப் பார்க்கும் நேரத்தைவிடக் கிணற்றை எட்டிப் பார்க்கும் நேரம் கூட. நியாயம்தானே, பையன் ஆயுள் முழுவதும் குடிக்கப்போகும் தண்ணீர்.

எங்கள் தாயின் வீடு மூத்த அக்காவுக்குப் போய்விட்டது. அப்பா காலமானபோது எனக்கென்று மிஞ்சியவை ஒரு பழைய சைக்கிளும் என் தங்கை யோகமும். சைக்கிளுக்குக் கொட்டில் போதும். யோகத்துக்கு வீடு வேண்டும். அவளுக்கு இருபத்திரண்டு வயதாகியும் என்னால் ஒரு கொட்டில்கூடப் போட முடியவில்லை. நான் அப்போது ஓர் அரசாங்கக் கந்தோரில் படவரைஞன். ஊர் முழுவதற்கும் கட்டடப் படம் வரைந்தேன், தங்கைக்கு ஒரு கூரை இல்லை. சம்பந்தம் பேசி வந்தவர்கள் தேத்தண்ணீர் குடித்தார்கள், "வீடு எங்க?" என்று கேட்டார்கள், கோப்பையை வைத்துவிட்டுப் போனார்கள். யோகம் கோப்பைகளைக் கழுவி வைப்பாள். அந்தச் சத்தம் எனக்குப் பிடிப்பதில்லை.

அந்தச் சமயத்தில்தான், ஐம்பதுகளின் நடுப்பகுதியில், அரசாங்க உத்தியோகத்தருக்கு எண்பது வீடுகள் கட்டும் திட்டம் எங்கள் மேசைக்கு வந்தது. இடம் தேட வேண்டும். கடல் கலந்து உப்பான, ஊரார் ஆறு என்று சொல்கிற வாவியின் கரையில், நகரத்துக்குச் சற்று வெளியே, பன்பள்ளம் என்று ஓர் இடம் இருந்தது. பாய் இழைக்கிற பன் புல் ஆளுயரத்துக்கு வளர்ந்த சதுப்பு. வாவிப் பக்கத்தில் உப்புத் தண்ணீரில் வளர்கிற கண்ணாக் காடு, வேருக்குள் இறால் குஞ்சு. மாரியில் இடுப்பளவு தண்ணீர் நிற்கும், நீர்க்கோழியும் தாராவும் இறங்கும். கோடையில் காய்ந்து வெடித்து, மாடு கட்டுகிற வெறும் நிலமாகக் கிடக்கும்.

எங்கள் ஊரில் எந்தக் குழந்தையைக் கேட்டாலும் சொல்லும், ஒரு நிலத்தைப் பார்ப்பதென்றால் மார்கழியில் பார்க்க வேண்டும் என்று. கொழும்பிலிருந்து இடம் பார்க்க வந்த துரைக்கு ஆடி மாதம்தான் வசதிப்பட்டது.

3

துரை வெள்ளைக்காரர் இல்லை, தோல் எங்களுடையதுதான், சப்பாத்துத்தான் சீமையிலிருந்து வந்தது. அந்தச் சப்பாத்தில் தூசி படாமல் வெடித்த நிலத்தில் பத்து அடி நடந்தார். நான் பின்னால் குடையோடும் படச் சுருளோடும் போனேன்.

"நல்ல மேட்டு நிலம். இங்கே தண்ணீர் நிற்பதுண்டா?" என்று கேட்டார்.

என் கையில் இருந்த பழைய படத்தில் அந்த இடம் முழுக்க நீலக் கோடுகள். பிரித்தால் கதை முடிந்தது. கட்டும் வீடுகளில் ஒன்றுக்கு விண்ணப்பம் கொடுக்கக் கந்தோர் ஊழியர்களுக்கு உரிமை உண்டு என்ற சுற்றறிக்கையும் அதே சுருளுக்குள்தான் இருந்தது.

"இல்லை சேர்" என்றேன்.

இரண்டே சொல். அவற்றில் ஒன்று "சேர்".

வேலை அதோடு முடியவில்லை. புதுப் படம் வரைய வேண்டும். வரைந்தேன். என் வாழ்க்கையில் அவ்வளவு சுத்தமாக நான் வேறெந்தப் படமும் வரைந்ததில்லை. பள்ளத்தின் எல்லை, பாதை, எண்பது சதுரங்கள், ஒவ்வொன்றுக்கும் ஒரு கிணறு, கிணற்றுக்குச் சற்றுத் தள்ளி ஒரு குழிக் கக்கூசு. நீல மை மட்டும் தொடவில்லை. கீழே "தரிசு நிலம்" என்று எழுதிக் கையெழுத்து வைத்தேன்.

பள்ளத்துக்கு அடுத்தாற்போல் இருபது முப்பது குடிசைகள். ஆண்கள் வாவியில் வலை வீசுவார்கள், பெண்கள் பன் வெட்டிப் பாய் இழைப்பார்கள். செய்தி கேட்டு அங்கிருந்து பொன்னம்மா என்றொருத்தி கந்தோருக்கு வந்தாள். என் வயதுதான் இருக்கும். பன் வெட்டிய கை முழுக்கக் கீறல். விறாந்தையில் நின்றபடியே என்னைக் கூப்பிட்டாள்.

"தம்பி, கோடையில வந்து பாத்துட்டு மேடு எண்டு எழுதப்படாது. மாரியில ஒருக்கா வாங்க, தோணியில ஏத்திக் காட்டுறன்."

"துரை வந்து பார்த்துவிட்டார்" என்றேன்.

"அவர் பாத்தது இரிக்கட்டும். நீங்க இந்த ஊர் ஆள்தானே? இந்தப் பள்ளத்தில தண்ணி நிண்டாத்தான் எங்கட கிணத்துத் தண்ணி இனிக்கும். இதத் தூத்தா ஆத்து உப்பு அடியால ஏறி வரும். மறுகா ஆரிட்டப் போய்த் தண்ணி கேக்கிற?"

அவள் சொன்னது ஒவ்வொன்றும் உண்மை என்று எனக்குத் தெரியும். மாரி மழையைப் பள்ளம் பிடித்து வைக்கும், மணல் மெல்ல மெல்லக் குடிக்கும், அந்த நன்னீர்தான் அடியில் நின்று வாவியின் உப்பை நெருங்கவிடாமல் தள்ளும். இதைப் படிக்க நான் எந்தப் பள்ளிக்கூடத்துக்கும் போகவில்லை, அங்கே பிறந்தால் போதும். இருந்தாலும் கந்தோர் நாற்காலியில் உட்கார்ந்தவன் பேசவேண்டிய விதத்தில் பேசினேன்.

"ஒரு மனு எழுதிக் கொடுங்கோ. கவனிக்கப்படும்."

எழுதிக் கொடுத்தார்கள். இருபத்தேழு பெருவிரல் அடையாளங்கள். கவனித்தேன். கோப்பில் மிகக் கவனமாகத் துளையிட்டுக் கட்டி வைத்தேன்.

4

பள்ளத்தைத் தூர்த்தார்கள். கண்ணாக் காட்டை விறகுக்கு வெட்டினார்கள். எண்பது வீடுகள் எழும்பின. யார் யாரையோ பிடித்து எனக்கும் ஒன்று கிடைத்தது. அதை யோகத்தின் பெயருக்கு மாற்றுவதற்கு இன்னும் யார் யாரையோ பிடித்தேன். ஓட்டு வீடு, சிமெந்துத் தரை, சுற்றுக்கட்டுப் போட்ட கிணறு. களுதாவளையிலிருந்து வந்த சம்பந்தக்காரர் வாளியை விட்டு அள்ளிக் குடித்துப் பார்த்து, "இளநீர் கணக்கா இரிக்கி" என்றார். ஆவணியில் கலியாணம். யோகம் அன்று சிரித்ததுபோல நான் முன்பும் பார்த்ததில்லை, பின்பும் பார்த்ததில்லை. அந்தச் சிரிப்புக்காக இன்னும் பத்துப் பள்ளங்களை மேடாக்கியிருப்பேன். உண்மையைத்தானே எழுத வேண்டும்.

கார்த்திகையில் மழை பிடித்தது. மூன்றாம் நாள் வீட்டுக்குள் தண்ணீர். தண்ணீரோடு தவளைகள் வந்தன, விரால் குஞ்சுகள் வந்தன, அரிசிப் பெட்டிக்குப் பின்னால் ஒரு தண்ணீர்ப் பாம்பு வந்து நிலைகொண்டது. புது மாப்பிள்ளை கட்டிலில் காலை மடக்கி உட்கார்ந்துகொண்டு, "மச்சான், இது மேட்டு நிலம் எண்டுதானே சொன்னீங்க?" என்று கேட்டார். படத்தில் அப்படித்தான் இருக்கிறது என்றேன்.

எண்பது வீட்டிலும் இருந்தவர்கள் உத்தியோகத்தர்கள். எழுதத் தெரிந்தவர்கள். எழுதினார்கள். பொன்னம்மாவின் மனுவைப் போல இவர்களுடைய மனு கோப்பில் தூங்கவில்லை. அடுத்த வருடமே வாவி வரை நேராக ஒரு பெரிய வாய்க்கால் வெட்டிக் கொடுத்தார்கள். அந்த வாய்க்காலின் படத்தையும் நானே வரைந்தேன். அதன் பிறகு வீட்டுக்குள் தண்ணீர் வரவில்லை. மழை பெய்யும், ஓடும், அரை மணித்தியாலத்தில் வாவியில் சேர்ந்துவிடும். மணலுக்கு ஒரு வாய் கிடைக்காது. மேலே எண்பது வாளிகள் விடியற்காலை தொடங்கி இறைத்தன.

மூன்றாவது வருடம் யோகத்தின் கிணறு உப்பாயிற்று.

முதலில் தேத்தண்ணீரில் தெரிந்தது. சீனி கூடப் போட்டுப் பார்த்தாள். பிறகு பருப்பு வேகவில்லை, சவர்க்காரம் நுரைக்கவில்லை, நட்ட தென்னங்கன்று ஓலை கருகி நின்றது. குடிசைப் பக்கத்துக் கிணறுகள் அதற்கும் முன்னமே போய்விட்டன. யோகம் ஊரில் எஞ்சியிருந்த ஒரு நல்ல கிணற்றுக்குக் குடத்தோடு போனபோது, அங்கே வரிசையில் அவளுக்கு முன்னால் நின்றவள் பொன்னம்மா. "உங்கட அண்ணன் மாரியில வரவே இல்லயே, புள்ள" என்று மட்டும் சொன்னாளாம். சொல்லிவிட்டு, வயிற்றுப் பிள்ளைக்காரி என்று யோகத்தை முன்னால் போகவிட்டாளாம். இதை யோகம் என்னிடம் சொன்னபோது எனக்கு வெட்கமாக இருந்தது. அதை வேறு சொல்லால் சுற்றிச் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

பள்ளம் போனதால் கிணறுகள் உப்பாகின்றன என்று நானும் மேலிடத்துக்கு எழுதினேன். நான்கு மாதத்தில் பதில் வந்தது, சிங்களத்தில். கந்தோரில் ஒருவருக்கும் வாசிக்கத் தெரியாது. கடைசியில் சைக்கிளை எடுத்துக்கொண்டு சிங்களவரான பாண் பேக்கரி முதலாளியிடம் போனேன். அவர் மாக் கையைத் துடைத்துவிட்டு இரண்டு தடவை வாசித்தார். "மாத்தயா எழுதின காயிதம் கெடச்சதாம். பள்ளம் பத்தி நம்ம கிட்ட ஒண்ணும் இல்லையாம். படத்தில பள்ளம் இல்லையாம்" என்றார். ஒரு பணிஸும் தந்தார்.

பிறகு, சிங்களச் சோதனை பாஸ் பண்ணினால்தான் சம்பளம் கூடும் என்றார்கள். நான் சீமைக்குக் கப்பல் ஏறினேன். நாட்டு நிலைமை என்று எல்லோரிடமும் சொன்னேன். அதுவும் உண்மைதான். யோகத்தின் வீட்டில் ஒரு கோப்பைத் தேத்தண்ணீர் குடிக்க முடியாமல் ஓடினேன் என்று யாரிடமும் சொல்லவில்லை.

5

இங்கே நகரசபை ஆள் குட்டையைப் பார்க்க வந்தார். எப்போது வந்தார் என்று நினைக்கிறீர்கள்? விடாமல் மழை கொட்டிய ஒரு நாளில். முழங்கால் வரை றப்பர் சப்பாத்துப் போட்டுக்கொண்டு நேராகக் குட்டைக்குள் இறங்கினார். கம்பை விட்டு ஆழம் பார்த்தார், வலையால் அரித்துக் கொண்டைப் பிராணிகளை ஒவ்வொன்றாக எண்ணி எழுதினார், பிறகு பத்திரமாகத் திரும்ப விட்டார். நான் ஜன்னலுக்குள் நின்று பார்த்தேன். இந்த மனிதரை அன்றைக்கு எங்கள் ஊருக்கு அனுப்பியிருந்தால் நான் என்ன செய்திருப்பேன் என்று யோசித்தேன். ஆடியில் வரச்சொல்லித் தந்தி அடித்திருப்பேன்.

அன்றே யோகத்தின் கடிதமும் வந்தது, அவள் மகள் மலரைப் பற்றி.

"அண்ணன், மலருக்கு ஒரு சம்பந்தம் வந்திரிக்கி. பொடியன் ஆத்துக்கு அக்கரை, மண்டூருக்கு இங்கால உள்ள ஊர். பள்ளிக்கூடத்தில படிப்பிக்கிறான். நல்ல பொடியன். வீடு மலருக்குத்தான் எண்டு சொல்லிட்டம். ஆனா பொடியன்ட தாய், வீட்டுத்திட்டத்துக் கிணறெல்லாம் உப்பாமே எண்டு கேட்டு அனுப்பியிரிக்கா. முந்தி வந்த ரெண்டும் தண்ணியாலதான் போன எண்டு உங்களுக்குத் தெரியும். புள்ள இப்ப ஆரு வந்தாலும் வெளிய வாறாளில்ல. நீங்க கந்தோரில இருந்த ஆள், இந்த வீட்டுக்குப் படம் கீறின ஆள். கிணறு நல்ல கிணறு எண்டு ஒரு கடிதம் எழுதினா நம்புவாங்க. நான் உங்களிட்ட வேற ஒண்டும் கேட்டதில்ல."

கேட்டதில்லைதான். இருபது வருடம் உப்பில் தேத்தண்ணீர் போட்டும், இது யார் செய்த வேலை என்றுகூட அவள் என்னிடம் கேட்டதில்லை.

இரண்டு நாள் கடிதத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வேலைக்குப் போய் வந்தேன். மலரை நான் கடைசியாகப் பார்த்தபோது அவளுக்கு ஏழு வயது. தண்ணீருக்குக் குடம் தூக்கிப் பழகியிருந்தாள். உண்மையை எழுதினால் அவள் அறைக்குள்ளேயே இருப்பாள். பொய் எழுதினால், முன்பின் தெரியாத ஒரு பொடியன் பெட்டியோடு வந்து, ஆயுள் முழுக்க அந்தத் தண்ணீரைக் குடிப்பான். என் மனைவியிடம் கேட்டேன். "நீங்கதானே அந்த வீட்ட வாங்கிக் குடுத்த? நீங்களே எழுதுங்க" என்றாள். எங்கள் வீட்டில் ஆலோசனை இந்த அளவில்தான் கிடைக்கும்.

மூன்றாம் நாள் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து முதலில் மிஸிஸ் ஹாரிஸின் மகஜரில் கையெழுத்து வைத்தேன். நீர்நிலைகளை மூடுவதால் வரும் கேடுகளைத் தொழில்முறையில் அறிந்தவன் என்ற வகையில், என்று இரண்டு வரி கூடவும் சேர்த்தேன். பிறகு வேறொரு தாள் எடுத்து, அதே பேனையால், மேற்படி வீட்டின் கிணற்று நீர் குடிப்பதற்கு உகந்தது என்று தமிழில் எழுதினேன். அதன் கீழும் கையெழுத்து.

சாந்தி என் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தாள். மகஜரை வாசித்துவிட்டு என் கன்னத்தில் முத்தம் தந்தாள். அடுத்த தாளைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"எவ்வளவு அழகான எழுத்து! இதில் என்ன எழுதியிருக்கிறது, அப்பா?"

"யோகம் மாமிக்கு ஒரு உதவி."

"நீங்கள் நல்லவர்" என்றாள்.

பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக்கொடுக்காத பெற்றோரைப் பற்றி இந்தப் பத்திரிகையிலேயே எத்தனையோ பேர் வருந்தி எழுதியிருக்கிறார்கள். அன்றைக்கு அது எனக்கு எவ்வளவு உதவியாக இருந்தது என்று யாரும் எழுதவில்லை. தாளை வாங்கி உறைக்குள் வைத்து ஒட்டினேன்.

6

கொண்டைப் பிராணிகள் வென்றுவிட்டன. குட்டையைச் சுற்றி வேலி போட்டு, எட்டு வீட்டைக் குறைத்துக் கட்டப்போகிறார்களாம். மிஸிஸ் ஹாரிஸ் கேக் செய்து கொண்டுவந்தார். கதவைத் தட்டியது நான்காவது தடவை. என் இரண்டு வரிதான் சபையில் வாசிக்கப்பட்டதாம். சாந்தி எல்லோரிடமும் அதைச் சொல்லித் திரிகிறாள்.

நேற்று யோகத்தின் பதில் வந்தது. மாப்பிள்ளையின் தாய் வீட்டைப் பார்க்க வந்தாராம். யோகம் என் கடிதத்தை உறையோடு நீட்டினாளாம். அந்த மனுஷி அதைக் கையால் தொடவில்லையாம். "கடிதம் கிடக்கட்டும் தங்கச்சி, வாளியத் தாங்க" என்று நேரே பின்பக்கம் போய், தானே விட்டு அள்ளி, ஒரு கை ஏந்தி வாயில் வைத்தாராம். மலர் கதவுக்குப் பின்னால் நின்று அழத் தொடங்கிவிட்டாளாம். யோகம் காலைப் பிடிக்கலாமா என்று நினைத்தாளாம்.

அந்த மனுஷி வாயிலிருந்ததைத் துப்பவில்லையாம். விழுங்கிவிட்டு, வாளியைச் சுற்றுக்கட்டில் வைத்துவிட்டுச் சொன்னாராம்:

"நாலு வருசத்துக்கு முந்தி எங்கட ஊர்ப் பள்ளத்தையும் தூத்து வீடு கட்டிட்டாங்க தங்கச்சி. எங்கட கிணறும் இப்ப இந்த உப்புத்தான். கலியாணத்துக்கு நாள வையுங்க. பொடியனுக்குப் புதுசாப் பழகத் தேவல்ல."